காலையில் அனுப்பினால் போதாதா? மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மா இப்போதெல்லாம் நேராகப் போன் செய்வதில்லை. முதலில் 'வேலையா இருக்கியா?' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவார். நான் பதில் போட்டால்தான் அழைப்பு வரும். பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிடமே, 'சரி, நீ வேலையைப் பாரு' என்று அவராகவே முடித்துவிடுவார். யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பேச்சின் நடுவே 'ஒரு நிமிஷம்மா' என்று நான் எத்தனையோ இரவுகள் சொன்னதில் வந்த பழக்கம் அது. அந்த ஒரு நிமிஷம் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து வந்த செய்திக்காகத்தான்.

வேலை அதிகம் என்று குறை சொல்ல நான் எழுதவில்லை. மாதக் கடைசியில், கெடு நெருங்கும் வாரத்தில், இருந்து முடித்துக் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்கிறோம். வேலை எப்போது முடியும் என்று தெரியாததுதான் எங்களை வதைக்கிறது. ஒன்பது மணிக்கு முடிந்துவிடும் என்றால் 'ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன்' என்று வீட்டில் சொல்லலாம், அவர்களும் காத்திருப்பார்கள். எந்நேரமும் செய்தி வரலாம் என்றாகிவிட்டால், எதுவும் வராத இரவிலும் காது போனிலேயே இருக்கிறது. பள்ளியில் நடந்ததைக் குழந்தை சொல்லும்போது 'உம்' கொட்டுகிறோம், ஒன்றும் மனதில் ஏறுவதில்லை. அது குழந்தைக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தொழிற்சாலைகளுக்கு வகுத்ததுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை. ஆண்டு 1919. அன்று சங்கு ஊதி, ஆலை வாசலைத் தாண்டிவிட்டால் மேஸ்திரியின் குரல் கேட்காது. இன்று அந்தக் குரல் படுக்கை வரை வருகிறது. பிரான்சில் 2017 முதல், பணி நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அவசரம் தவிர மற்ற வேளைகளில் ஊழியரின் ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளக் கூடாது என்று பொறுப்பை நிறுவனத்தின் மேலேயே வைத்தது. அதுதான் சரி என்பேன். 'வேண்டுமானால் பதில் போடாதே' என்று கீழே இருப்பவரிடம் சொல்வதில் பயனில்லை. அவர் போட்டுவிடுவார்.

இதை நானே செய்த ஒரு தவறில்தான் கற்றேன். ஆறு பேர் கொண்ட குழு என் பொறுப்புக்கு வந்த புதிது. ஓர் இரவு 10.40-க்கு ஒரு சந்தேகம். மறந்துவிடக் கூடாதே என்று குழுவில் ஒருவருக்கு உடனே அனுப்பினேன். காலையில் பதில் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதை எழுதவில்லை. இரண்டே நிமிடத்தில் கோப்போடு பதில் வந்தது. மறுநாள் வேறொருவர் சொல்லித்தான் தெரியும்: பதில் போட்டவர் அந்த நேரம் மருத்துவமனையில், அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். என்னிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இரவில் தோன்றுவதை இரவிலேயே எழுதுங்கள். காலையில் போகும்படி நேரம் குறித்து வையுங்கள், மின்னஞ்சலில் அந்த வசதி இருக்கிறது. உண்மையிலேயே அவசரமென்றால் போன் செய்யுங்கள், செய்தி அனுப்பாதீர்கள். போன் வராதவரை நிம்மதியாக இருக்கலாம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். இரவுப் பொறுப்பு யாருக்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, நள்ளிரவில் பதில் போட்டவரைக் குழுவில் எல்லோர் முன்னும் பாராட்டாதீர்கள். நன்றியைத் தனியாகச் சொல்லுங்கள். அந்தப் பாராட்டைப் படிக்கும் மற்றவர்கள் அன்றிலிருந்து போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறார்கள்.

எங்கள் குழுவில் ஏழு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. காலையில் செய்திகள் குவிகின்றன, முதல் அரை மணி நேரம் அதிலேயே போகிறது, அது தொல்லைதான். ஆனால் இதுவரை ஒரு வேலையும் கெடவில்லை. எனக்கு மேலே இருப்பவர்களிடமிருந்து மட்டும் இரவுச் செய்திகள் நிற்கவில்லை. அம்மாவும் இன்னும் கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறார்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு குழுத் தலைவர்