மணலில் எழுதிய பையன்

அன்புள்ள நண்பா,

உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறாதே.

ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் பொழுது போவதெல்லாம் நூலகத்தில்தான். கம்பெனிக் காலத்தில் எழும்பூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அனாதைப் பையன்களுக்காக நடந்த இல்லத்தைப் பற்றிப் போன வாரம் படித்தேன். அதிலிருந்து நம் விடுதி நினைப்பாகவே இருக்கிறது.

1789இல் அந்த இல்லத்தின் பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார். நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படிச் சொல்லிக்கொடுங்கள் என்றிருக்கிறார். வாத்தியார்கள் மசியவில்லை. சரி என்று, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பையே அவனிடம் ஒப்படைத்துவிட்டார். சாதாரண சோல்ஜரின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். பையனே பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையை 1797இல் பெல் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பையனையும் திண்ணை வாத்தியாரையும் யார் நினைத்தார்கள், சொல்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அங்கே அனாதை என்றால் அப்பா இல்லாதவன். அம்மா உயிரோடு இருந்தாலும் அனாதைதான். அந்த அம்மாக்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பெண்கள். அவர்கள் சகவாசம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்றுதான் பெல்லும் நினைத்தார். நமக்காவது மாதத்தில் ஒரு ஞாயிறு இருந்தது. என் அம்மா முறுக்கைப் பேப்பரில் சுற்றி, கேட் கம்பி வழியாக நீட்டுவாள். எண்ணெய் ஊறி அந்தப் பேப்பரில் எழுத்தெல்லாம் இரண்டு பக்கமும் தெரியும். அதைக்கூட எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

அப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது வாத்தியார் இல்லை. கிணற்றடிக்குப் பின்னால், ராத்திரிச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை, என் விரலைப் பிடித்து மண்ணில் 'அ' போட வைத்த ஒன்பதாம் வகுப்பு அண்ணன். அவர் தட்டில் பதினொன்று என்று வெட்டியிருக்கும். சுழி சரியாக வரும்வரை அழித்து அழித்து எழுத வைப்பார், ஒருநாளும் அடித்ததில்லை. நாற்பது வருஷம் நான் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததும் அதே மாதிரிதான்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் உடனே எழுது.

அன்புடன்,
உன் பதினேழாம் நம்பர்