ஐசி சாகவில்லை, பேஸைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீட்டுக் கணினிகளைச் சேகரிப்பவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஒரு இடம் உறுத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் சிப், அதாவது ஐசி, போய்விட்டது என்று அர்த்தம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்ட வேண்டும், முடியாவிட்டால் அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். கடலூர் முதுநகரில் உப்புக் காற்றோடு குடித்தனம் பண்ணுகிறவன் சொல்கிறேன், பல நேரம் சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது உட்கார்ந்திருக்கும் ஐசி பேஸ்தான், அதாவது சிப்பின் கால்களைச் சொருகும் சாக்கெட்தான், கெட்டிருக்கும். சில ரூபாய் சாமான். அதைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி சிப் வாங்கி, அதே பழைய பேஸில் சொருகி, அப்புறமும் ஓடவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர்.

எண்பதுகளில் வந்த மிஷின்கள் பலவற்றில் மலிவான பேஸ்களைத்தான் போட்டார்கள். சிப்பின் காலை ஒரு பக்கம் மட்டும் தொடும் ஒற்றைத் தகடு. நாற்பது வருஷத்தில் அந்தத் தகட்டின் விறைப்பு போய்விடுகிறது, மேலே இருக்கும் வெள்ளீயப் பூச்சில் ஆக்சைடு படிகிறது. மிஷினைப் போட்டால் சூடு, அணைத்தால் குளிர்ச்சி, ஒவ்வொரு தடவையும் கால் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்து உரசி, உரசிய இடத்தில் புதிதாக ஆக்சைடு பிடிக்கும். இதே சூடும் குளிர்ச்சியும் சிப்பை மெல்ல மெல்ல மேலே தள்ளவும் செய்யும். 1980-ல் வந்த ஆப்பிள் 3 கணினியில் இது பெரிய தலைவலியாகி, மிஷினைச் சில அங்குலம் தூக்கிப் பொத்தென்று போடச் சொன்ன கதை பிரசித்தம். நம் ஊரில் இதற்கு மேல் கடல் ஈரமும் உப்பும் வேறு. தேவனாம்பட்டினம் பக்கம் ஜன்னல் கம்பியே என்ன பாடு படுகிறது என்று பார்த்தால் போதும்.

சிப் செத்ததா, பேஸ் கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செத்த சிப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அடம் பிடிக்கும். பேஸ் கோளாறு நாளுக்கு ஒரு வேஷம் போடும். காலையில் ஓடும், சூடானதும் நின்றுவிடும், மேஜையைத் தட்டினால் திரையில் கண்ட எழுத்தெல்லாம் வரும். 1984-ல் மத்திய அரசின் கிளாஸ் (CLASS) என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ இந்த விஷயத்தில் ரொம்ப நல்ல மிஷின், வாயைத் திறந்து சொல்லிவிடும். சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்த ஒலி ஒன்று, உடனே ஒரு பீப் என்று வர வேண்டும். அந்த முதல் ஒலி நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் பிராசஸர் வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள், பிராசஸர், ஓஎஸ் ரோம் (மிஷினை இயக்கும் மென்பொருள் பதிந்த சிப்) இரண்டின் பேஸையும் முதலில் சந்தேகப்படுங்கள். பீப் ஒழுங்காக வந்து, திரையில் 'லாங்வேஜ்?' என்று ஆங்கிலத்தில் கேட்டு நின்றால், பேசிக் மொழி பதிந்த ரோமை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. விசைப்பலகையைக் கழற்றினால் அடியில் வலது மூலையில் அந்த ரோம் வரிசை இருக்கும்.

சரி, கை வைக்கும் முன்னால் ஒன்று. பல வருஷம் கிடந்த மிஷினை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் இருக்கும் பழைய காகிதக் கெப்பாசிட்டர் வெடித்து அறை முழுக்கப் புகை போட்டுவிடும், முதலில் அதை மாற்றுங்கள். கமடோர் 64 கணினி என்றால் அதன் பழைய அடாப்டர் கெடும்போது 5 வோல்ட் லைன் எகிறி நல்ல சிப்பையும் கொன்றுவிடும், ஆகவே தனியாக மீட்டர் வைத்து அளந்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

அப்புறம் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பேஸில் இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். 'கிறுக்' என்று சத்தம் வந்தால் அது மேலே எழும்பியிருந்திருக்கிறது. உங்கள் கட்டுரையோடு வந்த படத்திலேயே ஒரு 40 கால் சிப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உரிமையாளரிடம் சொல்லுங்கள். அழுத்தியும் சரியாகவில்லை என்றால் மல்டிமீட்டர். ஒரு முனை சிப் காலின் தோள்பட்டையில், மறுமுனை போர்டுக்கு அடியில் அதே காலின் சோல்டரில். ஒரு ஓமுக்கும் கீழே, அசையாமல் காட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மீட்டர் முனையால் காலை அழுத்தினால் அந்த அழுத்தத்திலேயே தொடர்பு கிடைத்து எல்லாம் நல்லபடி என்று பொய் சொல்லும். பட்டும் படாமலும் தொட்டு, சிப்பை லேசாக ஆட்டிப் பார்த்தால்தான் உண்மை வரும்.

சிப்பைக் கழற்றும்போது இரண்டு முனையிலும் மாறி மாறித் தட்டை ஸ்க்ரூடிரைவர் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். காலைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். வெள்ளிப் பூச்சுள்ள கால்கள் கந்தகக் காற்றில் கருத்திருக்கும், பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும், ஆனால் துருப்பிடித்த கால் என்றால் தொட்டாலே ஒடியும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைத் தயவுசெய்து அடிக்காதீர்கள், நான்கு நாள் ஓடும், பிறகு தூசியும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். காண்டாக்ட் கிளீனர் பரவாயில்லை, அதுகூட விறைப்பு போன தகட்டை நிமிர்த்தாது.

நான் பார்த்தவரை ஒற்றைத் தகடு பேஸை மாற்றிவிடுவதுதான் உருப்படியான வேலை. சென்னை ரிச்சி தெருவில் உருண்டைத் துளை பேஸ், இரட்டைத் தகடு பேஸ் இரண்டும் கிடைக்கும். பழைய பேஸை மொத்தமாகப் பிடுங்கினால் போர்டின் செம்புத் தடமும் கூடவே வந்துவிடும். பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். தகடு பேஸில், போர்டுகளை இணைக்கப் பயன்படும் சதுரக் கம்பிகளை (பின் ஹெடர்) சொருகிப் பார்க்கவும் வேண்டாம். சிப் காலின் தடிமன் சுமார் 0.25 மி.மீ., சதுரக் கம்பி 0.64 மி.மீ. ஒரு தடவை அது போய் வந்தால் தகடு விரிந்துவிடும், பிறகு சிப்பைப் பிடிக்காது.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எப்போதாவது இந்தப் பழைய மிஷின்கள் கண்ணில் படுகின்றன. ஓடாது என்று சொல்லித்தான் விற்பார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். யோசிக்காமல் வாங்கலாம். பள்ளி லேப்களில் மூலையில் கிடப்பவற்றைக் கண்டம் பண்ணி எடைக்குப் போடும் முன்னால், பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் மூடியைத் திறந்து சிப்புகளை ஒரு தடவை அழுத்திப் பார்க்கட்டும். ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் போதும், அரை மணி நேர வேலை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்