ஃபிரேம்வொர்க் முடிவு பண்ற டெக் லீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

புது வெப் ஆப் ஆரம்பிக்கும்போது எந்த ஃபிரேம்வொர்க்ல, அதாவது ஆப் கட்டுறதுக்கான எந்த ரெடிமேட் அடித்தளத்துல கட்டுறது, ரியாக்ட்டா வியூவா ஆங்குலரான்னு முடிவு பண்ற இடத்துல நீங்க இருக்கீங்க. நீங்க முடிவெடுத்து மூணு நாலு வருஷம் கழிச்சு அந்த ஆப்போட புரோகிராம் கோடைத் திறந்து பார்க்கிற இடத்துல நாங்க இருக்கோம், அதாவது மெயின்டனன்ஸ் ஆளுங்க. அதுக்குள்ள நீங்க பெரும்பாலும் வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிருப்பீங்க, அதைக் குறையா சொல்லல, இந்த வேலையோட அமைப்பே அப்படித்தான். ஆனா அந்த முடிவு எடுக்கிற மீட்டிங்ல எங்கள்ல ஒருத்தரையாவது உக்கார வைங்க. இதைக் கேக்கத்தான் எழுதுறேன்.

ஏன்னா அந்த மீட்டிங்ல பேசுறது எல்லாம் எது வேகம், எதுக்கு கிட்ஹப்ல (புரோகிராம் கோடு பகிர்ற தளம்) ஸ்டார், அதாவது லைக், ஜாஸ்தி, எது தெரிஞ்சவங்க ஈசியா கிடைப்பாங்க, இவ்வளவுதான். இந்த வெர்ஷனுக்கு சப்போர்ட் எப்ப முடியுது, அடுத்த வெர்ஷனுக்கு யார் தூக்கிட்டுப் போறதுன்னு யாரும் கேக்குறதில்ல. ஆங்குலரோட முதல் வடிவமான ஆங்குலர்ஜேஎஸ் கதை எல்லாருக்கும் தெரியும். 2010ல வந்துச்சு, 2016 செப்டம்பர்ல ஆங்குலர் 2ன்னு வந்தது பேர் மட்டும்தான் அதே, உள்ள முழுசா வேற. ஸ்கோப், கன்ட்ரோலர்னு பழைய கோடு நின்ன அடிப்படைகள் எல்லாம் போச்சு, டெம்ப்ளேட் (ஸ்கிரீன் அமைப்பு) எழுதுற விதமே மாறிடுச்சு. ரெண்டையும் ஒரே ஆப்ல பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டு ஸ்கிரீன் ஸ்கிரீனா மாத்தணும், இல்லன்னா மொத்தமா திரும்ப எழுதணும். 2021 முடிவோட பழசுக்கு சப்போர்ட்டும் நின்னுடுச்சு. ஆப் அன்னைக்கே நின்னுடாது, ஓடத்தான் செய்யும், ஆனா அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு செக்யூரிட்டி ஆடிட்லயும் அது சிவப்பு வரியா வந்து நிக்கும், பதில் சொல்றது அப்ப சீட்ல இருக்கிறவங்க.

இது ஆங்குலர்ல மட்டும் நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. வியூ 3 2020 செப்டம்பர்ல வந்துச்சு, வியூ 2க்கு 2023 டிசம்பர் 31ஓட சப்போர்ட் முடிஞ்சுது, நடுவுல மூணு வருஷத்துக்கு மேல இருக்கேன்னு தோணும். ஆனா வியூட்டிஃபைன்னு ஒரு காம்போனென்ட் லைப்ரரி (பட்டன், டேபிள் மாதிரி ரெடிமேட் ஸ்கிரீன் துண்டுகள்) வச்சு ஸ்கிரீன் கட்டினவங்களுக்கு வியூ 3க்கான நிலையான வெர்ஷன் 2022 கடைசியிலதான் கைக்கு வந்துச்சு. ஃபிரேம்வொர்க் தயாரா இருந்தாலும் அதுமேல நீங்க போட்ட காம்போனென்ட் லைப்ரரி தயாராகிற வரைக்கும் நகர முடியாது, நாங்க மாட்டிக்கிறது எப்பவுமே இந்த இடத்துலதான். அதனால ஃபிரேம்வொர்க்கை மட்டும் பார்க்காதீங்க, கூட வர்ற டேபிள், டேட் பிக்கர், சார்ட், ஃபார்ம் லைப்ரரி ஒவ்வொன்னையும் யார் பராமரிக்கிறாங்க, கடைசி ரிலீஸ் எப்பன்னு பாருங்க.

ரியாக்ட் இந்த விஷயத்துல கொஞ்சம் நல்ல பிள்ளை, 2019ல ஹூக்ஸ்னு புது எழுதுற முறை வந்தப்புறமும் பழைய முறையில எழுதின கிளாஸ் காம்போனென்ட் இன்னும் ஓடுது. ஆனா ரவுட்டிங் (பக்கம் மாத்துறது), ஃபார்ம், டேட்டா எடுக்கிறது எல்லாத்தையும் அது நம்ம கையில விட்டுடுது, அதனால ஒரு ரியாக்ட் ப்ராஜெக்ட் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு ரியாக்ட் ப்ராஜெக்ட் புரியும்னு உத்தரவாதம் இல்ல. எத்தனையோ ப்ராஜெக்ட்டை ஆரம்பிக்க உதவின கிரியேட் ரியாக்ட் ஆப்ங்கிற டூலையே 2025 பிப்ரவரில இனிமே புது ஆப்புக்கு வேண்டாம்னு ரியாக்ட் டீமே சொல்லிட்டாங்க. இப்போதைய ஆங்குலர் ஆறு மாசத்துக்கு ஒரு மேஜர் வெர்ஷன் விடுது, ஒவ்வொன்னுக்கும் 18 மாசம் சப்போர்ட், அப்டேட் கமாண்டே பாதி வேலையைப் பண்ணிடும், ஆனா ரெண்டு வருஷம் யாரும் தொடலன்னா வரிசையா ஒவ்வொரு வெர்ஷனா ஏறி வரணும்.

இன்னொன்னு, ட்ரையலுக்கு டூடூ லிஸ்ட் மாதிரி சின்ன ஆப் கட்டிப் பார்க்காதீங்க ப்ளீஸ். எல்லா ஃபிரேம்வொர்க்லயும் அது அழகாத்தான் இருக்கும். உங்க ஆப்லயே மோசமான ஸ்கிரீன் எதுவோ அதை எடுங்க. நான் பார்த்த ஒரு ஃபார்ம்ல அறுபது ஃபீல்டுக்கு மேல, எல்லாத்தோட ஸ்டேட்டும், அதாவது அப்போதைக்கு உள்ள இருக்கிற மதிப்பும், மேல ஒரே காம்போனென்ட்ல. ரியாக்ட்ல ஸ்டேட் மாறினா நாமளா தடுக்காத வரைக்கும் அந்தக் காம்போனென்ட்டும் அதுக்குக் கீழ இருக்கிறதும் திரும்ப ஓடும், அதனால ஒரு எழுத்து அடிச்சா அறுபது ஃபீல்டும் ஓடுச்சு. டெவலப்பர் லேப்டாப்ல ஒன்னும் தெரியல. சுமாரான ஃபோன்ல அடிச்ச எழுத்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஸ்கிரீன்ல வருது. யூசர் தட்டினதுக்கு 200 மில்லிசெகண்டுக்குள்ள ஸ்கிரீன் அசையணும்னு கூகுள் ஒரு அளவு வச்சிருக்கு, அதை மூணு மடங்கு தாண்டியிருச்சு. வியூவா இருந்தா எந்தக் காம்போனென்ட் எந்த வேல்யூவைப் படிக்குதுன்னு அதுவே கணக்கு வச்சுக்கும், வேற இடத்துல வேற தலைவலி வரும். ரியாக்ட் மோசம்னு நான் சொல்லல, ஸ்டேட்டை அந்தந்த ஃபீல்டுக்கிட்ட இறக்கி வச்சதும் சரியாயிடுச்சு. ஆனா அந்த ஸ்கிரீனை முதல் வாரமே கட்டிப் பார்த்திருந்தா டிசைன் பண்ணும்போதே பிடிச்சிருக்கலாம்.

ஸ்கிரீனைக் கட்டி முடிச்சதும் அதை எழுதாத ஒருத்தர்கிட்ட குடுத்து ஒரு ஃபில்டர் சேர்க்கச் சொல்லுங்க, பேக் பட்டன் அமுக்கினா அந்த ஃபில்டர் அப்படியே இருக்கணும். அவர் எங்கெங்க தேடுறாரு, எத்தனை ஃபைலைத் திறக்கிறாருன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. எந்த பெஞ்ச்மார்க் சார்ட்டைவிடவும் இது எனக்கு முக்கியம்.

பெரும்பாலும் படிக்கிற பக்கம், நடுவுல ரெண்டு மூணு ஃபார்ம்னா ஃபிரேம்வொர்க்கே வேணுமான்னும் கேளுங்க. சர்வர்ல இருந்து வர்ற எச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஸ்கிரிப்ட்டும் போதும்னா அதோட நிறுத்திக்கலாம், யாரும் உங்களைக் குறைச்சு மதிக்க மாட்டாங்க.

எதை எடுத்தாலும் ஏன் எடுத்தீங்க, எதை ஏன் வேண்டாம்னீங்க, எது மாறினா இந்த முடிவைத் திரும்பப் பார்க்கணும்னு ரெப்போலயே (கோடு வச்சிருக்கிற இடம்) ஒரு பக்கம் எழுதி வைங்க. இப்ப நாங்க காரணம் தேடி கிட் ஹிஸ்டரியோட (கோடு மாற்றங்களோட பதிவு) அடிவரைக்கும் போனா அங்க இனிஷியல் கமிட், அதாவது முதல் பதிவுன்னு ஒரு வரிதான் இருக்கு.

மீட்டிங் தேதி முடிவானதும் சொல்லுங்க, வர்றோம். இப்ப ஓடுற ஆப்ல அப்டேட் பண்ண முடியாம நிக்கிற பேக்கேஜ் எல்லாத்தையும், ஒவ்வொன்னும் எதுனால நிக்குதுன்னு எழுதி, கையோட எடுத்துட்டு வர்றோம்.