ஆண்டறிக்கை: ஷாப்பிங் சென்டர் விரிவாக்கமும் நம்ம ரோடும்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கத்தோட செயலாளர்ங்கிற முறையில இந்த வருஷ அறிக்கையை வைக்கிறேன். வழக்கமா தெருவிளக்கு, மரம், குப்பை வண்டி டைமிங் இதெல்லாம்தான் முதல்ல வரும், இந்த தடவை அதை ரெண்டு வரில முடிச்சிடறேன், ஏன்னா கமிட்டியோட நேரத்துல முக்காவாசி ஒரே விஷயத்துக்குத்தான் போச்சு. விளக்கு எரியாத இடங்களை எழுதிக் குடுத்தோம், பெரும்பாலும் சரி பண்ணிட்டாங்க. நூலகம் திறந்திருக்கற நேரத்தை நீட்டிக்கச் சொன்னதுக்கு இன்னும் பதில் இல்ல.

இனி ஊருக்கு வெளிய இருக்கற ஷாப்பிங் சென்டர் விஷயம். விரிவாக்க பிளான் போட்டிருக்காங்கன்னு நமக்குத் தெரிய வந்தப்பவே ஆட்சேபனை சொல்ற கெடுவுல பாதி போயிடுச்சு. அவசரத்துல அனுப்பின முதல் கடிதம் சரியில்ல. அதை எழுதினது நான்தான், "ட்ராஃபிக் தாங்காது, வேண்டாம்"னு மட்டும்தான் இருந்துச்சு. பதிலும் அதே மாதிரி சின்னதா வந்துச்சு, ட்ராஃபிக் அறிக்கையைப் பாருங்கன்னு. அதுக்கப்புறம்தான் நாலு பேர் உக்காந்து அந்த அறிக்கையை கடைசி அட்டவணை வரைக்கும் படிச்சோம்.

ட்ராஃபிக் பத்தின பகுதில என்ன சொல்றாங்கன்னா, புது கடைகளுக்கு வரப்போறவங்க பெரும்பாலும் இப்பவே அங்க வந்துட்டு இருக்கறவங்கதான், அதே ட்ரிப்ல இன்னும் ரெண்டு கடை ஏறி இறங்குவாங்க, அதனால ரோட்டுல வண்டி பெருசா கூடாதுன்னு சொல்றாங்க. பார்க்கிங் பகுதிக்கு வந்தா, வரப்போற கூட்டத்துக்கு இப்ப இருக்கற இடம் பத்தவே பத்தாது, பின்னாடி இருக்கற காலி நிலம் மொத்தத்தையும் பார்க்கிங்கா மாத்தணும்னு இருக்கு. கூடுதலா வண்டி வராதுன்னா கூடுதல் இடம் எதுக்கு? இடம் வேணும்னா அந்த வண்டியெல்லாம் எந்த ரோட்டு வழியா வரும்? இந்த வருஷம் நாம எழுதின எல்லா கடிதமும் இந்த ஒரு கேள்வியை வச்சுதான்.

நம்ம உறுப்பினர் ஒருத்தரே கூட்டத்துல இதுக்கு எதிர்க்கேள்வி கேட்டாரு. அதே வண்டிதான் வருதுன்னாலும் இன்னும் ரெண்டு கடை பாத்தா ரொம்ப நேரம் நிக்கும்ல, அப்ப வண்டி கூடாமலே இடம் கூடுதலா வேணும்தானேன்னு. நியாயமான பாயிண்ட். ஆனா அப்படின்னா ஒரு வண்டி இப்ப எவ்வளவு நேரம் நிக்குது, அப்புறம் எவ்வளவு நேரம் நிக்கும்னு கணக்கு காட்டணும், அறிக்கைல அது எங்கயும் இல்ல. அதையும் சேர்த்து எழுதிக் கேட்டிருக்கோம்.

அடுத்து, நிஜமாவே இடம் பத்தலையான்னு நாமளே போய் பாக்கலாம்னு முடிவு பண்ணி, ரெண்டு ரெண்டு பேரா, சாதா நாள், வாரக்கடைசி, லீவு சீசன்னு பிரிச்சுக்கிட்டு எண்ணினோம். வாசலுக்குப் பக்கத்துல இருக்கற வரிசை எப்பவும் ஃபுல், அங்க இடம் கிடைக்குமான்னு வண்டிங்க சுத்திக்கிட்டே இருக்கும். கடைசி வரிசைங்க லீவு சீசன்ல சில மணி நேரம் மட்டும்தான் நிறைஞ்சுது, மத்த நாள்ல காலியாத்தான் கிடக்கு. இது அங்க மட்டும் நடக்கற அதிசயம் இல்ல. அமெரிக்காவுல 1980கள்ல இருந்து ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்குக்கு வச்சிருந்த ஒரு பெயர் பெற்ற அளவுகோலே, வருஷத்துலயே கூட்டம் அதிகமான மணி நேரங்களை வரிசைப்படுத்தி அதுல 20ஆவது மணி நேரத்துக்கு ஏத்த மாதிரி இடம் போடறதுதான். ஒரு சென்டர் வருஷத்துக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல திறந்திருக்கும். விரல் விட்டு எண்ணற அளவு நெரிசலுக்காகப் போட்ட தார்தரை மீதி நேரமெல்லாம் வெயிலையும் மழையையும் வாங்கிட்டு சும்மா கிடக்குது.

மழையைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அந்த நிலம் சரியா நம்ம பக்கம்தான் சரிஞ்சிருக்கு. ஒரு கார் நிக்க சுமார் 12 சதுர மீட்டர் போதும், ஆனா உள்ள வர, திரும்ப, வெளிய போக வழியெல்லாம் சேத்தா 25ல இருந்து 30 சதுர மீட்டர் ஆயிடும். 100 காருக்கு இடம்னா சுமார் 3,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர், அப்ப 50 மில்லிமீட்டர் கொட்டினா 1,50,000 லிட்டர் தண்ணி. இப்ப மண்ணும் புல்லும் அதுல பெரும்பங்கை உறிஞ்சுக்குது, தார் போட்டுட்டா பத்துல ஒன்பது பங்கு அப்படியே ஓடி வரும், அதுவும் ஒரே நேரத்துல, டயர் துகளையும் ஆயிலையும் அடிச்சுக்கிட்டு. இது 100 காருக்கு மட்டும், அவங்க கேக்கறது அதைவிட ரொம்ப அதிகம். கீழ இருக்கற வடிகால் இப்பவே பெரிய மழைக்கு வழியுதுன்னு அந்த வரிசை வீட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப கவலை தர்றது இதுதான், ட்ராஃபிக்னா நாலு மணி நேரத்துல குறைஞ்சிடும், வீட்டுக்குள்ள ஒரு தடவை தண்ணி வந்தா அந்தக் குடும்பம் எத்தனை மாசம் அல்லாடும்னு பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

ரோடு நெரிசல்ல நாம கண்டுபிடிச்ச ஒரு விஷயம் உருப்படியானது. வாரக்கடைசில மெயின் ரோடு அடைச்சுக்கறதுக்கு காரணம் உள்ள இடம் இல்லாததுன்னு நாமளே நினைச்சுக்கிட்டிருந்தோம். நின்னு பாத்தப்பதான் புரிஞ்சுது, டிக்கெட் பேரியர், அதாவது உள்ள போறப்ப டிக்கெட் எடுத்தா திறக்கற தடுப்பு, ரோட்டுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு. வரிசைல நிக்கற ஒரு கார் சுமாரா 6 மீட்டர் எடுக்கும், 50 கார் நின்னா 300 மீட்டர், அந்த வால் நேரா சந்திப்பு வரைக்கும் வந்து பஸ்ஸையும் ஆம்புலன்ஸையும் சேத்து மறிக்குது. பேரியரை உள்ள தள்ளி வச்சா வரிசை அவங்க நிலத்துக்குள்ளயே நிக்கும். இதுக்கு புதுசா ஒரு இடம் கூட வேண்டாம்.

ரோட்டை அகலப்படுத்திக் குடுக்கறோம்னு அவங்க பக்கத்துல இருந்து சொன்னாங்க. நம்மள்ல சில பேர் அதை வாங்கிக்கிட்டு விட்டுடலாம்னு சொன்னாங்க. அகலமான ரோடு கொஞ்ச நாளைக்கு காலியா தெரியும், அப்புறம் அது காலியா இருக்குங்கறதுனாலயே வண்டி வந்து நிரம்பிடும். இதை அமெரிக்கப் பொருளாதார நிபுணர் அந்தோனி டவுன்ஸ் 1962லயே எழுதிட்டாரு, 2011ல அமெரிக்க நகரங்களோட கணக்கை வச்சு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாத்தப்ப, நெடுஞ்சாலை 1 சதவீதம் கூடினா வண்டி ஓட்டமும் கிட்டத்தட்ட 1 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. அதனால அதை மட்டும் வாங்கிக்கிட்டு சமாதானம் ஆக வேண்டாம்னு கமிட்டி முடிவெடுத்துச்சு, அந்த முடிவோட நான் முழுசா நிக்கிறேன்.

மத்த இடங்கள்ல என்ன பண்றாங்கன்னும் தேடிப் பாத்தோம். இங்கிலாந்துல 1996லயே முதல்ல ஊர் நடுவுல இடம் இருக்கான்னு பாரு, அப்புறம் அதோட ஓரத்துல, கடைசியாத்தான் ஊருக்கு வெளியன்னு அரசு வழிகாட்டில சொல்லிட்டாங்க. பிரான்ஸ்ல 2023 சட்டப்படி 1,500 சதுர மீட்டருக்கு மேல இருக்கற திறந்தவெளி பார்க்கிங்ல பாதிக்காவது சோலார் கூரை போடணும்னு வந்துச்சு. கலிஃபோர்னியாவுல பெரிய பஸ், ரயில் நிறுத்தங்களுக்குப் பக்கத்துல இத்தனை பார்க்கிங் கட்டாயம்ங்கற விதியையே 2022ல போட்ட சட்டத்துல எடுத்துட்டாங்க. முழுக்க மூடின ஏசி மால்ல முதலாவதா சொல்ற சவுத்டேல் 1956ல அமெரிக்காவுல திறந்துச்சு, அதை வடிவமைச்ச விக்டர் க்ரூயன் சுத்தி வீடு, பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் வரணும்னுதான் திட்டம் போட்டாரு, பெரும்பாலும் வந்தது பார்க்கிங்தான், பின்னாடி அவரே நிலத்தை வீணாக்கற பார்க்கிங் கடல்னு மனசு நொந்து பேசினாரு. இதை நான் எடுத்துச் சொன்னதுக்குக் காரணம், நாம கேக்கறது ஏதோ வளர்ச்சிக்கு எதிரான பிடிவாதம்னு சில பேர் சொல்றாங்க, அது உண்மை இல்ல.

சங்கத்துக்குள்ளயே ஒரே கருத்து இல்லங்கறதையும் பதிவு பண்ணணும். நம்ம உறுப்பினர்கள் சில பேருக்கு அங்கதான் வேலை. நடக்க சிரமப்படறவங்களுக்கு படி இல்லாத தரை, லிஃப்ட், கழிப்பறை எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கறது பெரிய உதவி. பழைய கடைத்தெருல கடை வச்சிருக்கறவங்க இருக்கற வாடிக்கையும் போயிடுமோன்னு பயப்படறாங்க. மூணு தரப்பும் ஒரே கூட்டத்துல குரலை உயர்த்திப் பேசினது எனக்கு வருத்தமா இருந்துச்சு, ஆனாலும் கடைசில எல்லாரும் ஒத்துக்கிட்ட கோரிக்கைன்னு ஒண்ணு வந்துச்சு. கடையைக் கூட்டறதைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல இருக்கற பார்க்கிங்கை ஒழுங்கா நடத்திக் காட்டுங்க. பேரியரை உள்ள தள்ளுங்க, எங்க காலி இருக்குன்னு காட்டற போர்டு வைங்க, ஸ்டாஃப் வண்டியை பின் வரிசைக்கு மாத்துங்க, பஸ் ஸ்டாப்பை மூலைல இருந்து வாசலுக்குக் கொண்டு வாங்க. இதெல்லாம் பண்ணி ஒரு வருஷம் எண்ணிப் பாத்த பிறகும் பத்தலைன்னா, தண்ணி கீழ இறங்கற மாதிரி தரையும் மழைநீர் தேங்க ஒரு குட்டையும் வச்சு புது பிளான் கொண்டு வாங்க.

இது எழுத்துல போயாச்சு. விரிவாக்க பிளான் மேலான விசாரணையைத் தள்ளி வச்சிருக்காங்க, புது தேதி வந்ததும் வாட்ஸ்அப் குரூப்ல போடறேன். அதுக்குள்ள ரெண்டு வேலை பாக்கி. வாரக்கடைசி சாயங்காலம் எண்ணறதுக்கு இன்னும் ஆறு பேர் வேணும். வடிகால் ஓரம் வீடு இருக்கறவங்க அடுத்த பெரிய மழைல தண்ணி எவ்வளவு உயரம் ஏறுதுன்னு சுவத்துல கோடு போட்டு, தேதி நேரம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்க. பேர் குடுக்கறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க. இப்ப பொருளாளர் கணக்கை வாசிப்பாரு.