எட்டு மைல்தானே என்று இறங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரிசோனாவில் டூசான் நகரை ஒட்டியுள்ள சவாரோ தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதியில் சைக்கிள் ஓட்டுவது பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. (சவாரோ என்பது அங்கே வளரும் உயரமான கள்ளியின் பெயர். ஆங்கில எழுத்தில் ‘ஜி’ இருந்தாலும் ஊரார் வாயில் அது சவாரோதான்.) கள்ளிக்காட்டுச் சுற்றுச்சாலையின் அழகைச் சொன்னதில் குறையில்லை. ‘8 மைல், தார்ச்சாலை, ஒருவழி, ஒரு மணி நேரம் போதும்’ என்று முடித்ததுதான் உறுத்துகிறது. ஒருவழி என்பதில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்; மற்ற மூன்றும் உண்மை. அதை நம்பி ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு போகிறவர்தான் பாதி வழியில் திணறுகிறார்.

நுழைவாயிலைத் தாண்டிய கையோடு சாலை சரேலென்று இறங்கி, வேகம் பிடித்த இடத்தில் திரும்புகிறது. உடம்பு இன்னும் சூடாகியிருக்காது, சைக்கிளும் கைக்குப் புதிது. நம் ஊரிலிருந்து போகிறவருக்கு இங்கே இன்னொரு வம்பு உண்டு. நம் சைக்கிளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். அமெரிக்க வாடகை சைக்கிளில் இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. பின்பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினால் இறக்கத்தில் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவார். வண்டி நிறுத்துமிடத்திலேயே நாலு சுற்றுச் சுற்றிக் கையைப் பழக்கிக்கொண்டு இறங்குவது நல்லது. சாலை நெடுக மேடும் பள்ளமும்தான். பெரிய ஏற்றம் பிற்பாதியில், லோமா வெர்டே என்ற நடைபாதை தொடங்கும் இடத்தைத் தாண்டி வருகிறது. முதல் பாதியில் காலைக் காலி செய்துவிட்டால் அங்கே இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

முள் என்றதும் எல்லாரும் கள்ளியை நினைக்கிறார்கள். சாலையோரத்தில் டியூபுக்கு எமன் நம் நெருஞ்சிதான். அதே செடி, அதே மஞ்சள் பூ. அங்கே அதற்கு ‘ஆட்டுத்தலை’ என்று பெயர். தார் ஓரத்துக் கிளறிய மண்ணில் படர்ந்து கிடக்கும். படம் எடுக்க ஓரம் கட்டுகிறவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு மண்ணில் இறங்கினால் போச்சு. தூக்கி வைக்க வேண்டும். இரண்டு மாற்று டியூப், டயர் நெம்புகோல், கைப்பம்பு வேண்டும். காற்றுக் குப்பியை மட்டும் நம்பினால், 16 கிராம் குப்பி ஒரு டயரோடு தீர்ந்துவிடும். பஞ்சர் பார்க்கும்போது பலர் செய்யும் தவறு, டியூபை மாற்றிவிட்டு டயரைத் தடவாமல் விடுவது. முறிந்த முள்நுனி உள்ளேயே இருக்கும். புது டியூபும் பத்தாவது நிமிடம் காற்றிறங்கும். துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுக்க ஓட்டினால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்க ஊற்றும் பால் போன்ற திரவமும் இந்த வறட்சியில் சீக்கிரம் காய்ந்துபோகிறது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காவிட்டால் உள்ளே வெறும் தோல்தான் மிஞ்சும்.

அங்கே வளரும் ‘சோயா’ (cholla) என்ற கள்ளியின் கதை வேறு. அதன் கணுக்கள் லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளில் பின்நோக்கிய கொக்கிகள் இருப்பதால் கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். ஒரு சீப்பை இடையில் கொடுத்து விசுக்கென்று தள்ளிவிட வேண்டும். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் இந்தப் பக்கம் போகவே கூடாது!

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பார்வையாளர் மையத்தை விட்டால் சுற்று முழுக்க எங்கும் தண்ணீர் கிடையாது. காற்று அவ்வளவு வறண்டது என்பதால் வியர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடும். ‘வியர்க்கவே இல்லையே’ என்று குடிக்காமல் இருப்பவர்தான் தலைசுற்றி உட்காருகிறார். வெயில் காலத்தில் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை உள்ளே போக வேண்டும், கொஞ்சம் உப்போடு. பஞ்சர் ஒட்டும் நேரத்துக்கும் சேர்த்து 2 லிட்டருக்குக் குறையாமல் கட்டிக்கொள்ளலாம். கோடையில் நிழலிலேயே 38 டிகிரி செல்சியஸ் சர்வசாதாரணம். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் போயே தீருவேன் என்பவர் விடியலில் கிளம்பட்டும். இரவில் விரியும் சவாரோ பூ மறுநாள் பிற்பகலில் வாடிவிடும் என்பதால், அவருக்கு வெயிலும் தப்பும், பூவும் கிடைக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை உண்டு. மழை நின்ற மறுநாளும் கவனம் தேவை. வறண்ட ஓடைகள் சாலையைக் கடக்கும் பள்ளங்களில் மணல் படிந்து கிடக்கும். மணலுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணலுக்குள் பிரேக்கைத் தொடாமல் நேராகப் போக வேண்டும். வெப்ப மாதங்களில் அந்தி சாய்ந்த பிறகு சூடான தாரில் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருப்பதும் உண்டு.

கடைசியாக, திருத்தம் ஒன்று. சாலை முழுவதும் ஒருவழி அல்ல. ஹவேலினா என்ற பிக்னிக் இடத்துக்கும் பார்வையாளர் மையத்துக்கும் இடைப்பட்ட கடைசித் துண்டு இருவழி. அதுவரை சாலையை முழுசாக அளந்துகொண்டு வந்தவர் அங்கே எதிரே வரும் காரைப் பார்த்துப் பதறி, பழக்க தோஷத்தில் இடப்பக்கம் ஒதுங்கக்கூடும். அமெரிக்காவில் ஒதுங்க வேண்டியது வலப்பக்கம். அடுத்த இதழில் இதை மட்டுமாவது வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்