வாசல் வரை நல்ல தண்ணீர்: குழாய் மாற்ற நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற சனிக்கிழமை நம் குடியிருப்பின் ‘சி’ பிளாக் பின்புறம் கசிவை அடைக்கத் தோண்டியபோது பிளம்பர் அறுத்தெடுத்த குழாய்த் துண்டு ஒன்று மோட்டார் அறையில் இருக்கிறது. மூன்று அங்குலக் குழாய் அது. உள்ளே துரு அடுக்கடுக்காகப் படிந்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருக்கிறது. அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அங்கிருந்து ஒரு முழம் தள்ளிக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரின் வாடையை அங்கே நின்றிருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அதே குழாயில் வந்த தண்ணீரில்தான் அன்று காலையும் நம் வீடுகளில் உலை வைத்தோம்.

1974-இல் இந்தக் குடியிருப்பைக் கட்டியபோது பதித்த ஜி.ஐ. குழாய்கள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள்) இவை. அங்கங்கே ஒட்டுப் போட்டே இத்தனை வருடங்களை ஓட்டிவிட்டோம். இனி ஒட்டுப் போட இடமில்லை என்று பிளம்பரே சொல்லிவிட்டார். ஓரிடத்தில் அடைத்தால் அழுத்தம் கூடி அடுத்த வாரம் இன்னோரிடத்தில் பிய்த்துக்கொள்கிறது.

தண்ணீர் வரும்போதே கெட்டு வருகிறதா என்ற கேள்வி பலருக்கும் இருந்தது. அதனால் ஒரே காலையில் வாசல் இணைப்பிலும் ‘சி’ பிளாக்கின் கடைசி வீட்டிலும் தண்ணீர் பிடித்து, கிருமியைக் கொல்லும் குளோரின் இருக்கிறதா என்று சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தோம். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். வாசலில் பிடித்த தண்ணீர் மஞ்சளாக மாறியது. கடைசி வீட்டுத் தண்ணீரில் நிறமே வரவில்லை. குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். அந்தக் கொஞ்சத்தையும் வழியிலேயே துருவும் அழுக்கும் தின்றுவிடுகின்றன.

அயனாவரத்தில் இருக்கும் நமக்குக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் தொலைவில் இல்லை. 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தபோது அதை வடிகட்டாமலேயே ஊருக்குக் கொடுத்தார்கள். 1914-இல் அங்கே மணல் வடிகட்டிகள் அமைந்த பிறகுதான் சென்னை சுத்தமான குழாய்த் தண்ணீரைக் கண்டது. (அந்தப் பணியில் முன்னின்ற பொறியாளரின் பெயரைத்தான் தியாகராய நகர் மேட்லி சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.) ஏரி, வடிகட்டி, குளோரின் என்று இவ்வளவு பாடுபட்டு நம் வாசல் வரை கொண்டுவந்து தரும் தண்ணீரை, கடைசிச் சில நூறு அடிகளில் நாம் கெடுத்துக் குடிக்கிறோம். வாசலுக்கு உள்ளே இருக்கும் குழாய்க்கு நாம்தான் பொறுப்பு. வேறு யாரும் வந்து மாற்றித் தரப்போவதில்லை.

தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. வரத்து நின்றதும் குழாய் காலியாகிவிடுகிறது. அப்போது சுற்றியுள்ள ஈரமெல்லாம் ஓட்டை வழியே உள்ளே இறங்குகிறது. மறுநாள் காலை முதலில் வரும் தண்ணீர் அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு நம் தொட்டியில் விழுகிறது. இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மோட்டார் தண்ணீரோடு பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறது, அதுவும் அண்டை வீட்டாருக்கும் சேர்த்து. இன்றைக்கே அதைக் கழற்றிவிட வேண்டும்.

கேன் தண்ணீர் வாங்குகிறோம், நமக்கென்ன என்று சிலர் இருக்கலாம். ஆனால் பாத்திரம் கழுவுவதும் குழந்தை வாய் கொப்பளிப்பதும் கேன் தண்ணீரிலா? கேனுக்குக் கொடுக்க வழியில்லாத வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன.

புதிதாகப் பதிக்கப்போவது எச்.டி.பி.இ. என்னும் உறுதியான பிளாஸ்டிக் குழாய். துருப்பிடிக்காது. இணைப்புகளைச் சூடுபடுத்தி ஒன்றாக உருக்கி ஒட்டுவதால் கசிவுக்கு இடம் குறைவு. கழிவுநீர்ப் பாதையை விட்டு விலக்கி, அதைவிட மேல்மட்டத்தில் கொண்டுபோகிறோம். பிளாக்குக்கு ஒரு வால்வு வைப்பதால், ஓரிடத்தில் பழுதானால் எல்லோருக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது. அழுத்தச் சோதனை முடிந்த பிறகே பள்ளத்தை மூடுவோம். இதில் குழு சமரசம் செய்துகொள்ளாது.

மொத்த மதிப்பீடு 18,50,000 ரூபாய். 96 வீடுகளுக்கும் வீட்டுக்கு 15,000 ரூபாய் பங்கு என்று பொதுக்குழு தீர்மானித்திருக்கிறது. 11 வீடுகளால் இதைத் தர இயலாது என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்கப்போவதில்லை, அவர்கள் யார் என்பதும் குழுவைத் தாண்டி வெளியே போகாது. பராமரிப்பு நிதியிலிருந்து 2,00,000 ரூபாய் எடுக்கிறோம். அதற்குப் பிறகும் 3,75,000 ரூபாய் குறைகிறது. இந்தத் தொகைக்காகத்தான் உங்களிடம் கையேந்துகிறோம்.

வசதியுள்ளவர்கள் தங்கள் பங்குக்கு மேல் முடிந்ததைத் தாருங்கள். இங்கே பிறந்து வளர்ந்து இப்போது வேறு ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அம்மாவும் அப்பாவும் இன்றும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். வாடகைக்குக் குடியிருப்போரிடம் கட்டாயம் எதுவுமில்லை, மனமுவந்து 500 ரூபாய் தந்தாலும் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். தவணையாகத் தரவும் வழி உண்டு.

பணத்தைச் சங்கத்தின் பெயருக்குக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ரொக்கம் தர வேண்டாம். ஒவ்வொரு பில்லையும் குழுவில் இல்லாத மூன்று குடியிருப்போர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பணம் கொடுப்போம். வரவு செலவு வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

ஆடியில் தோண்டத் தொடங்கினால் ஆவணிக்குள் மூடிவிடலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பள்ளத்தில் தண்ணீர் நின்று வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். ஆகவே ஆனி முடிவதற்குள் உங்கள் பங்கு வந்து சேர வேண்டுகிறோம்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மோட்டார் அறை வாசலில் கூடுகிறோம். அந்தக் குழாய்த் துண்டை மேசைமேல் வைத்திருப்போம். கையில் எடுத்துப் பாருங்கள். கேள்விகளை அங்கேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
குடிநீர்க் குழாய் புதுப்பிப்புக் குழு