பாப்பா பாடட்டும் லதா, ஆனா ஸ்கூல நிறுத்தாத

அன்புள்ள லதா,

எப்படி இருக்க, அத்தைக்கு முட்டி வலி தேவலையா, மாடி வீட்டுக்காரங்க சண்டை ஓஞ்சுதா? இங்க எல்லாரும் சௌக்கியம், ஹூஸ்டன் வெயில் மண்டைய பொளக்குது. நலம் விசாரிப்பு முடிஞ்சுது டி, இனிமே விஷயம்.

பாப்பா பாடின தெலுங்குப் பாட்ட ஆபீஸ் போற வழியெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தச் சரணத்துல மூச்சு விடாம மேல போயி அப்புறம் மெதுவா இறங்குறா பாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு. நீ அனுப்பின நோட்டு போட்டோவையும் பெருசு பண்ணி எழுத்தெழுத்தா பாத்தேன். தமிழ்லயே எழுதி, எந்த ப, எந்த த-ன்னு உச்சரிப்பு தெரிய ப-வுக்கு மேல 3, த-வுக்கு மேல 4, மூச்சு எடுக்கற எடத்துல சிவப்பு மசில ஒரு கோடு. அப்படியே காலேஜ்ல நாம பாட்டு எழுதி வச்ச நோட்டு டி! அப்ப நமக்குக் கீபோர்ட் வாசிச்ச அண்ணன் பாத்தா "யாரு கத்துக் குடுத்தா"ன்னு கேட்டு மீசைய முறுக்கியிருப்பாரு. அடுத்து கன்னடம், மலையாளம்னு எழுதியிருந்தியே, பாடட்டும், நல்லா பாடட்டும். மொழி தெரியாம எப்படிப் பாடுறான்னு உன் நாத்தனார் இழுத்தா காதுலயே போட்டுக்காத.

ஆனா அதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதியிருந்த பாரு, உங்க வீட்டுக்காரர் வேலைய விட்டுட்டு பாப்பாவுக்கு மேனேஜரா இருக்கப் போறாரு, ஷோ நிறைய வர்றதால ஸ்கூல நிறுத்திட்டு பிளஸ் டூவ பிரைவேட்டா எழுத வைக்கப் போறோம்னு, என்னமோ கேஸ் புக் பண்ணிட்டேன்ற மாதிரி. அத படிச்சதுலேந்து எனக்கு நிம்மதி இல்ல லதா. உடனே போன் பண்ணியிருப்பேன், பண்ணா நாம ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசியே மழுப்பிருவோம். அதான் எழுதறேன்.

நான் இருக்கற இந்த டெக்ஸாஸ்ல செலீனான்னு ஒரு பாடகி இருந்தா, செலீனா கின்டனில்லா. அவ கதைய வச்சு ஜெனிஃபர் லோபஸ் நடிச்ச படத்த நாம அப்பவே பாத்தோம், நீ பாதியில தூங்கிட்ட. இங்க வந்தப்புறம்தான் அவ யாருன்னு எனக்கு நெஜமா புரிஞ்சுது. என் கூட வேலை பாக்கற மெக்சிகன் குடும்பத்துப் பொண்ணுங்க வீட்டு விசேஷம்னா அவ பாட்டு இல்லாம நடக்காது, பாட்டியும் ஆடுவாங்க பேத்தியும் ஆடுவாங்க. 1971-ல லேக் ஜாக்சன்னு இங்கேந்து ரொம்ப தூரமில்லாத ஒரு ஊர்ல பொறந்தவ. வீட்ல பேசினது, ஸ்கூல்ல படிச்சது எல்லாம் இங்கிலீஷ். அவ அப்பா ஆபிரகாம் இளவயசுல லாஸ் டீனோஸ்னு ஒரு குழுவுல பாடினவரு, அது பெருசா ஓடல, அப்புறம் கெமிக்கல் ஃபேக்டரி வேலை. சின்னப் பொண்ணு குரல கேட்டதும் மனுஷனுக்குப் பழைய ஆசை திரும்ப வந்துருச்சு. அண்ணன் பேஸ் கிட்டார், அக்கா டிரம்ஸ், நடுவுல இவ. ஸ்பானிஷ்ல பாடினாத்தான் இங்க எடுபடும்னு அப்பா சொல்லிக் குடுக்க, அர்த்தம் தெரியாம சத்தத்த மட்டும் புடிச்சுப் புடிச்சுப் பாடினா. பாப்பாவோட 3-ம் 4-ம் பாத்தப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது இவதான்.

அந்த விஷயத்துல அப்பா கணக்கு சரி. அவ பாடின வகைய தெஹானோன்னு சொல்வாங்க, டெக்ஸாஸ்ல இருக்கற மெக்சிகன் வம்சத்துக்காரங்களோட பாட்டு, ஜெர்மன்காரங்களும் செக் நாட்டுக்காரங்களும் இந்தப் பக்கம் குடியேறினப்போ கொண்டு வந்த அக்கார்டியன், போல்கா தாளம் எல்லாம் அதுல கலந்துருக்கும். அப்ப அது ஆம்பளைங்க ராஜ்யம், பொம்பளை பாடினா கூட்டம் வராதுன்னு எத்தனையோ எடத்துல மேடையே குடுக்கல. அதையும் தாண்டி டீன்ஏஜ்லயே சிறந்த பாடகின்னு தெஹானோ அவார்டு வாங்கிட்டா, 1989-ல இஎம்ஐ லத்தீன்னு ஒரு ரெக்கார்டு கம்பெனி கூட ஒப்பந்தம். மெக்சிகோவுல மான்டெர்ரேல பத்திரிகைக்காரங்கள சந்திக்கப் போனப்போ இவ ஸ்பானிஷ வச்சு மானம் போயிரும்னு கம்பெனிக்கு ஒரே பயம். இவ உள்ள போயி எல்லாரையும் கட்டிப் புடிச்சு, தட்டுத் தடுமாறிப் பேசி, தப்பு வந்தா சிரிச்சு, அந்த ஊர் ஜனங்க மனசுல எடம் புடிச்சுட்டா. பாடிப் பாடித்தான் அந்த மொழி அவளுக்கு வந்துச்சு. அதனால மொழி பத்தி எனக்குக் கவலையே இல்ல, பாப்பாவுக்கும் தானா வரும்.

எனக்குக் கவலை வேற எடத்துல.

1980 வாக்குல அந்த அப்பா ஒரு ஹோட்டல் தொறந்தாரு. பசங்க அங்கதான் மேடை ஏறினாங்க. பொருளாதாரம் படுத்துச்சு, மறு வருஷமே ஹோட்டல் மூடியாச்சு, வீடும் போச்சு, கார்ப்பஸ் கிறிஸ்டிங்கற ஊருக்கு குடி மாறுனாங்க. அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரு சின்னப் பொண்ணோட தொண்டை. கல்யாணம், தெருமுனை, திருவிழா, எங்க கூப்புட்டாலும் பழைய பஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போவாங்க. எட்டாங்கிளாஸ் படிக்கறப்போ ஸ்கூல நிறுத்திட்டாரு. நல்லா படிக்கற பொண்ணு அவ. ஒரு டீச்சர் விடாம சண்ட போட்டிருக்காங்க, கல்வி போர்டுல புகார் பண்ணுவேன்னு கூட சொல்லியிருக்காங்க. அவரு கேக்கல. அப்புறம் தபால்ல படிச்சு 17 வயசுல பள்ளிப் படிப்ப முடிச்சா, பாவம், பஸ்ல உக்காந்து.

உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியும், "அவ ஜெயிச்சாளே கௌரி"ன்னுவாரு. ஜெயிச்சா. ஆனா அவங்களுக்கு வீடு இல்ல டி, வேற வழி இல்ல. உங்களுக்கு லோன் முடிஞ்ச வீடு இருக்கு, அவருக்கு நல்ல வேலை இருந்துச்சு. இல்லாத நெருக்கடிய நீங்களா உண்டாக்கி அத ஒரு பதினாறு வயசுப் புள்ள தலையில ஏத்துறீங்க. நாளைக்கு அவளுக்குத் தொண்ட கட்டிக்கிட்டா, இல்ல "எனக்கு இன்னிக்கு மேடை வேணாம் மா"ன்னு சொல்லணும்னு தோணினா, அவளால சொல்ல முடியுமா? அப்பா சம்பளமே தன் பாட்டுலதான் வருதுன்னு தெரிஞ்ச புள்ள வாயத் தொறக்குமா?

அதோட அப்பாவே மேனேஜர்னா அப்பா எங்க முடியறாரு மேனேஜர் எங்க ஆரம்பிக்கறாருன்னு யாருக்கும் தெரியாது. செலீனா தன் குழுவுல கிட்டார் வாசிச்ச கிறிஸ் பெரெஸ விரும்பினா. அப்பாவுக்குத் தெரிஞ்சதும் அந்தப் பையன வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. 1992 ஏப்ரல்ல ரெண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அப்புறம்தான் அவரு எறங்கி வந்தாரு. அவர நான் கெட்டவருன்னு சொல்லல லதா, பொண்ணு மேல உயிரையே வச்சிருந்த மனுஷன்தான். பாசம் இருந்தும் இப்படி ஆச்சேன்னுதான் பயமா இருக்கு.

அப்புறம் பணம். இத உங்க வீட்டுக்காரருக்குப் படிச்சே காட்டு. 1994-ல சிறந்த மெக்சிகன்-அமெரிக்கன் ஆல்பம்ங்கற வகையில கிராமி வாங்கினா, அந்த வகையில தெஹானோ பாடகி ஒருத்தி வாங்குறது அதான் மொத தடவ. அதே வருஷம் துணிக்கடை தொறந்தா. டிசைன் பண்றதுல அவளுக்கு அவ்ளோ ஆசை, மேடைக்குப் போடற டிரெஸ்ஸுக்குக் கல்லு மணியெல்லாம் தானே ஒட்டுவா. அந்தக் கடைய நம்பி ஒப்படைச்சது ரசிகர் மன்றத்த நடத்தின யோலாண்டா சால்டிவார்ங்கற பொம்பளைகிட்ட. பணத்த கையாடல் பண்ணிட்டான்னு வீட்ல தெரிய வந்துச்சு. 1995 மார்ச் 31, கணக்குக் காகிதத்த வாங்கப் போன எடத்துல அந்தப் பொம்பளை சுட்டுட்டா. இருபத்தி நாலாவது பொறந்தநாளுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. அந்தப் பொம்பளை இன்னும் ஜெயில்லதான், 2025-ல பரோல் கேட்டப்பவும் குடுக்கல. பாப்பாவுக்கு அப்படி ஆகும்னு நான் சொல்லல, வாய்ல வசம்ப வச்சு தேய்க்க. ஆனா ரசிகர், சொந்தக்காரர், ரொம்ப நல்ல மாதிரின்னு யாரு வந்து ஒட்டினாலும் கணக்குப் புத்தகத்த அவங்க கையில குடுக்கக் கூடாது. பாப்பா பேர்ல தனி அக்கவுண்ட், வரவு செலவுக்கு வெளியாள் ஒரு ஆடிட்டர். சொந்தபந்தத்துல ஆடிட்டர் இருந்தாலும் வேணாம். உன் தம்பியும் வேணாம் டி, கோச்சுக்காத.

நேத்து ராத்திரி செலீனாவோட ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியம் கச்சேரி வீடியோவ மறுபடி பாத்தேன். 1995 பிப்ரவரி 26, இதே ஹூஸ்டன்ல, 60,000 பேருக்கு மேல. குதிரை வண்டியில கைய ஆட்டிக்கிட்டே வர்றா, ஊதா கலர்ல உடம்போட ஒட்டின டிரெஸ், வெளிச்சம் பட்டு பளபளன்னு மின்னுது. ஸ்பானிஷ் பாட்டு கேக்க வந்த கூட்டத்துக்கு எடுத்த எடுப்புலயே இங்கிலீஷ் டிஸ்கோ பாட்டா தொடுத்து அடிக்கறா. சுத்தறா, வேர்த்து ஊத்துது, முடி கன்னத்துல ஒட்டுது, ஒரு சுரம் தப்பல. ஒரு மொழியிலேந்து இன்னொண்ணுக்குத் தாவறப்ப முகத்துல ஒரு தயக்கம் இல்ல டி, ரெண்டும் அவளோடதுதான். அவ ரொம்ப நாளா ஆசைப்பட்ட இங்கிலீஷ் ஆல்பம் முடியவே இல்ல, பாடி வச்சிருந்த கொஞ்ச இங்கிலீஷ் பாட்டோட ஸ்பானிஷ் பாட்டையும் சேத்து அந்த ஜூலைல வெளியிட்டாங்க, பில்போர்டு 200-ன்னு அமெரிக்காவோட ஆல்பம் தரவரிசைப் பட்டியல்ல எடுத்ததுமே முதலிடம். அந்த நியூஸ அவ பாக்கல. அத நெனச்சா எனக்கு இப்பவும் ஆறல.

பாப்பாவுக்கும் அந்தத் தயக்கமில்லாத முகம் இருக்கு லதா, அதனாலதான் இவ்ளோ எழுதறேன். ஸ்கூல் போகட்டும். ஷோ எல்லாம் சனி ஞாயிறு, லீவு நாள்ல மட்டும் ஒத்துக்கோ, பரீட்சை மாசத்துல ஒண்ணும் வேணாம். பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் முழு நேரமும் பாட்டுதான்னு அவளே சொன்னா நானே முன்னாடி நின்னு கை தட்டுவேன். அவருக்குப் பழைய ஆபீஸ்ல திரும்ப எடுத்துக்குவாங்களான்னு இந்த வாரமே கேக்கச் சொல்லு, நோட்டீஸ் பீரியட் முடியறதுக்குள்ள.

ஞாயித்துக்கிழமை காலைல, உங்க டைம் எட்டு மணிக்கு கூப்புடறேன். ஸ்பீக்கர்ல போடு, அவரும் இருக்கட்டும், ஆனா முதல்ல பாப்பாகிட்ட பேசணும். ஸ்கூல விடறதப் பத்தி அவ என்ன நெனைக்கறான்னு உன் லெட்டர்ல ஒரு வரி கூட இல்ல.

உன்
கௌரி